இடது கார்புரேட்டர்

ரிவர்ட்டன்,
1996 நவம்பர் 17.

அன்புள்ள மொய்ரா அக்காவுக்கு,

தம்பி ரோரி எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. நான் நலம், அப்பா நலம், வண்டி நலமில்லை. இந்தக் கடிதம் அந்த வண்டியை, அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றியது. அப்பாவைப் பற்றி எழுதக் கூடாது என்பது உன் உத்தரவு. ஆனால் அந்த வண்டியை அவர் இல்லாமல் எழுத முடியாது. போனில் அவர் பேச்சை எடுத்ததும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். அதற்குள் ஒரு பக்கமாவது படித்திருப்பாய்.

முதலில் ஆக்னஸ். படம் வந்து சேர்ந்தது. அம்மாவின் பெயரை வைத்ததற்கு ஏற்றபடி அம்மாவின் நெற்றியையும் வைத்திருக்கிறாள். பல் இல்லாத சிரிப்பு. படத்தைப் பால்பவுடர் ஆலையில் என் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் ஒட்டவில்லை. நீ வேண்டாம் என்றாய்.

பிப்ரவரியில் உன் தோழி ஷோனாவின் கல்யாணத்துக்குக் குழந்தையோடு டனீடின் வரை வருவேன், ரிவர்ட்டனுக்கு வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கால்கூர்லியிலிருந்து கடலைத் தாண்டி அத்தனை தூரம் வந்துவிட்டு, கடைசி மூன்று மணி நேரத் தூரத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகிறாய். உன் காரணம் எனக்குத் தெரியும். போன வருஷம் குளிர்காலத்தில் அப்பா உன்னை விமான நிலையத்திலிருந்து பிக்கப்பில் கூட்டிவந்தார். வழியில் அவரிடம் சொன்னாய்: வயிற்றில் பிள்ளை இருக்கிறது, அதன் அப்பன் போய்விட்டான், வீட்டோடு வந்துவிடட்டுமா. அவர் சாலையைப் பார்த்தபடி, "தெக்குக் காத்து திரும்பிடுச்சு. ராத்திரி ஆலங்கட்டி விழும்" என்றார். நம் ஊர் ஆம்பளைகள் பிடிக்காத பேச்சுக்கு வானிலையைத்தான் பதிலாகத் தருவார்கள் என்பது நமக்குத் தெரியாததா? நீயும் பதில் கிடைத்துவிட்டது என்று இரண்டாவது தடவை கேட்காமல் திரும்பிப் போனாய். போகும்போது இதைப் பற்றி அவரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். நான் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. பேத்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனிதரோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறேன். ஆட்டுக்கறி இறங்கமாட்டேன் என்கிறது.

இனி வண்டி.

நொண்டுகிறது. நிற்கும்போது 'டுப் டுப்' என்று சீராக ஓட வேண்டியது 'டுப்...டடுப்' என்று இழுத்து இழுத்து ஓடுகிறது. இடது சைலன்சர் குழாய் சிலிண்டரை ஒட்டிய இடத்தில் சூட்டில் நீலம் பாய்ந்துகிடக்கிறது. வலது பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. அப்பாவைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "ஈயத்த எடுத்துட்டானுங்க பெட்ரோல்லேர்ந்து. தண்ணிய ஊத்தி ஓட்டச் சொல்றானுங்க." ஈயத்தை எடுத்தது இந்த வருஷம்தான். வண்டி நொண்டுவது அதற்கும் முன்னாலிருந்து. இதைச் சொன்னால், "ஆமா, நீ பால்பவுடருக்குத்தானே வைத்தியம் பாக்கற, உனக்கு என்ன தெரியும்" என்கிறார்.

உனக்கு நினைவிருக்கும், அதில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர். இரண்டு பேர் ஒரே மரத்தைத் தோளில் தூக்குவது போல. ஒருவன் முன்னால் எம்பினால் மற்றவன் தள்ளாடுவான். இரண்டும் ஒரே அளவு மூச்சிழுக்க வேண்டும், ஆக்சிலேட்டரைத் திருகும்போது இரண்டும் ஒன்றாகத் திறக்க வேண்டும். அப்பா இதைக் காதால் செய்வார். பால் கறக்கும் இயந்திரத்தின் ரப்பர் டியூபில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றின் ஒரு முனை ஒரு கார்புரேட்டர் வாயில், மறுமுனை ஒரு காதில். இடதுக்கு இடது, வலதுக்கு வலது. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு காதிலும் 'உஸ்' சத்தம் ஒன்றாகும்வரை திருப்புளியால் திருகுவார். வருஷக்கணக்காக இப்படித்தான். அதிலொன்றும் தப்பில்லை. காதும் ஒரு கருவிதான்.

நான் ஆலையில் கழித்துப் போட்ட வாக்குவம் மீட்டர் இரண்டைச் சுத்தம் செய்து எடுத்துவந்தேன். இயந்திரம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று முள் காட்டும். முள் ஆடாமலிருக்க டியூபுக்குள் ஊசித் துளை வைத்த அடைப்பு ஒன்றும் செருகினேன். அதை மாட்ட கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இரண்டு பக்கமும் சின்னத் துளை போட வேண்டியிருந்தது. அப்பா குதித்தார். "என் வண்டியில ஓட்ட போட்டியாடா?" மோட்டார் சைக்கிள் கிளப்பிலிருந்து வந்திருந்த ஹோனே மாமா, "விடு டங்கன், காது குத்தினதா நெனச்சுக்க. பையன் உன் வண்டிக்கு ஈசிஜி எடுக்கறான். முடிவு மோசமா வந்தா எங்கிட்ட குடுத்துடு, என் நண்டுப் படகுல நங்கூரமாக் கட்டிக்கறேன்" என்றார்.

மீட்டர் சொன்னது இது: இடது கார்புரேட்டர் வலதைவிடக் கூடுதலாகத் திறந்திருக்கிறது. கொஞ்சநஞ்சமல்ல. திருகில் முக்கால் சுற்று. நான் இரண்டையும் சமமாக்கினேன். நொண்டல் போனது. அப்பா கையை டியூப் பக்கம் நீட்டினார், காதில் வைத்தார், முகத்தைச் சுளித்தார். "இடது பக்கம் செத்துக்கிடக்கு. இதத்தான் நீ காலேஜ்ல படிச்சியா?" மறுபடி முக்கால் சுற்று ஏற்றினார். வண்டி மறுபடி நொண்டியது. "இப்பதான் உயிர் வந்திருக்கு" என்றார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அவர் மரம் அறுக்கும் மில்லுக்குப் போனதும் திரும்பச் சமமாக்கினேன். அடுத்த ஞாயிறு அதே முக்கால் சுற்று, அதே இடது.

ஒன்று கேட்கிறேன், இதற்கு மட்டுமாவது பதில் போடு. நீ கால்கூர்லிக்குப் போவதற்கு முன்னால் அந்த வண்டியைக் கடைசியாக ஓட்டினாயே, அப்போது நொண்டியதா? இடது குழாய் நீலமாக இருந்ததா?

குழந்தைக்கு என் முத்தம். ஆஸ்பத்திரி வேலையில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் தம்பி,
ரோரி.


ரிவர்ட்டன்,
1996 டிசம்பர் 15.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் அட்டை கிடைத்தது. நான்கு வரி. "வண்டி வெண்ணெயில் கத்தி போல ஓடியது. குழாய் பளபளவென்று இருந்தது, நான்தான் துடைப்பேன். ஆக்னஸுக்கு இரண்டு பல். அவரைப் பற்றி எழுதாதே." முதல் இரண்டு வரிக்கு நன்றி. பல்லுக்கு வாழ்த்து. நான்காவது வரி பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அப்படியானால் கோளாறு நீ போனபிறகு வந்தது. எனக்கு இது முக்கியமான செய்தி. வண்டி பிறக்கும்போதே கோணலாக இல்லை, அப்பாவின் முறையும் முன்பு சரியாகவே வேலை செய்திருக்கிறது. நடுவில் எதுவோ மாறியிருக்கிறது. எது?

நான் என்ன செய்தேன் என்று எழுதுகிறேன். உனக்குச் சலிப்பாக இருந்தால் தாண்டிப் போ, ஆனால் நீ தாண்டமாட்டாய். பன்னிரண்டு வயதில் என் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்தவள் நீதான்.

கார்புரேட்டர்களைக் குறை சொல்லுமுன் மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். வால்வு இடைவெளி பார்த்தேன், ஒன்று. தீப்பொறி விழும் நேரம் பார்த்தேன், இடதில் இம்மி பின்தங்கியிருந்தது, சரிசெய்தேன். காற்று எங்காவது திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று மூட்டுகளில் கிரீஸ் தடவிப் பார்த்தேன், இல்லை. மீட்டர்களை இடம் மாற்றி மாட்டினேன், அதே அளவு. ஆகவே இயந்திரம் நேர்மையானது, மீட்டரும் நேர்மையானது.

அடுத்தது டியூப். இடது டியூப் ஒரு சாண் நீளமாக இருந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டினேன். அப்பா டியூபைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் இங்கிலாந்துலேர்ந்து சர்டிபிகேட் வரணுமா?" என்றார். காதில் வைத்தார். கண்ணை மூடினார். முக்கால் சுற்று. இடது. புது டியூப் வாங்கி மாட்டினேன். முக்கால் சுற்று. இடது.

அக்கா, அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. அளப்பவன் கை நடுங்கினால் பிழை ஒருநாள் இந்தப் பக்கம் விழும், ஒருநாள் அந்தப் பக்கம் விழும், சிதறிக்கிடக்கும். பிழை எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவில் விழுந்தால் அது கவனக்குறைவு இல்லை. கருவியே சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்பா கவனமில்லாமல் செய்யவில்லை. ரொம்பக் கவனமாக, ஒவ்வொரு தடவையும், துல்லியமாக ஒரே தப்பைச் செய்கிறார். எனக்கு இப்போது எரிச்சல் போய்விட்டது. இது என்ன என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. ஆலையில் மீட்டர் முன்னால் நின்றுகொண்டு இதையே யோசித்து, பால் கொதிகலன் ஒன்றை மூட மறந்து திட்டு வாங்கினேன்.

ஹோனே மாமா வேறு காரணம் சொல்கிறார். "அதுல ஒண்ணுமில்லடா. உங்கப்பனுக்கு அந்த நொண்டல் பிடிச்சுப்போச்சு. என் பொண்டாட்டி குறட்டை விடறா, இருவத்தஞ்சு வருஷம். ஒருநாள் நிறுத்தினா எனக்குப் பயமாயிடும்." இருக்கலாம். பழக்கமாகவும் இருக்கலாம். பழக்கமா, கருவியா என்று பிரித்துச் சொல்ல ஒரு வழி உண்டு. டியூபைக் குறுக்காக மாட்டிவிட்டால் போதும். ஆனால் அவரே திருகினால் உடனே கண்டுபிடித்துவிடுவார். இடது திருகைத் திருப்பும்போது வலது காதில் சத்தம் ஏறினால் குழந்தைக்கும் தெரிந்துவிடும். அதற்கு ஒரு தந்திரம் யோசித்துவைத்திருக்கிறேன்.

ஊரில் புது உருளைக்கிழங்கு வந்துவிட்டது. ஐரீஸ் அத்தை கிறிஸ்துமஸுக்கு நம் இருவரையும் கூப்பிட்டிருக்கிறாள். 'நம்' என்று எழுதிவிட்டேன். என்னையும் அவரையும். மேஜையில் நாற்காலி போடும்போது அத்தை எப்போதும் போல ஒன்று கூடுதலாகப் போடுவாள், பிறகு எடுத்துவிடுவாள்.

டனீடின் வரை வந்து திரும்பிப் போவதைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதைக் கவனித்துக்கொள்.

உனக்கும் ஆக்னஸுக்கும் பண்டிகை நல்லபடியாகக் கழியட்டும்.

அன்புடன்,
ரோரி.


ரிவர்ட்டன்,
1997 ஜனவரி 19.

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை முழுக்கப் படி. கிழிப்பதானால் படித்தபிறகு கிழி. முழுக்க அப்பாவைப் பற்றித்தான்.

தந்திரம் இதுதான். கிளப்பின் கடற்கரை ஓட்டம் வருகிறது, வண்டியைத் தயார் செய்ய வேண்டும். அப்பாவுக்குக் குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது. "நீங்க உக்காந்து கேளுங்க, எந்தப் பக்கம் கம்மின்னு காட்டுங்க, நான் திருகறேன்" என்றேன். "கடைசியில எனக்கு ஒரு எடுபிடி கெடச்சான்" என்று பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். டியூப் முனைகளை நானே எடுத்துக் கொடுத்தேன், குறுக்காக. இடது கார்புரேட்டரின் சத்தம் அவருடைய வலது காதில், வலதின் சத்தம் இடது காதில். மீட்டர்மேல் துணி போட்டு மூடியிருந்தேன். ஹோனே மாமாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன். அவர் வாயில் பிஸ்கட்டைத் திணித்துக்கொண்டு நின்றார்.

அப்பா கண்ணை மூடினார். இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இங்க கம்மி." அந்தக் காதுக்குப் போகும் சத்தம் வலது கார்புரேட்டருடையது. அதை ஏற்றினேன். "இன்னும்." ஏற்றினேன். "இன்னும் கொஞ்சம். ம். அவ்ளோதான், நிறுத்து. இதான் சமம்." துணியை எடுத்துப் பார்த்தேன். முக்கால் சுற்று. வலது.

பழக்கம் இல்லை. வண்டி இல்லை, டியூப் இல்லை, மீட்டர் இல்லை. சத்தத்தை எந்தப் பக்கம் கொடுத்தாலும் இடது காதுக்கு வருவது அவருக்குக் குறைந்துதான் கேட்கிறது. வருஷக்கணக்காக மில்லில் அந்தக் காதை ரம்பத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே, காது மூடியைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு.

என் முதல் எண்ணம் வெறும் சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன், அவ்வளவுதான். வலதுக்கு வலது என்று டியூபை மாற்றிவிட்டு, மீட்டர்படி சமமாக்கி, கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது தலையில் இறங்கியது. நம் பிக்கப்பில் ஓட்டுபவருக்கு இடப்பக்கம்தான் கூட வருபவர் இருக்கை.

உடனே நம்பிவிடவில்லை. ஒரு தடவை கிடைத்த முடிவை நான் நம்புவதில்லை. அடுத்த நாள் கேஸ்கட் வாங்க இன்வர்கார்கில் போக வேண்டும் என்று அவரையே ஓட்டச் சொன்னேன். நீ உட்கார்ந்த இருக்கையில் உட்கார்ந்தேன். அதே சாலை. எப்போதும் போல வலப்பக்க ஜன்னலை இறக்கி முழங்கையை வெளியே வைத்திருந்தார். நல்ல காதில் காற்று அடைக்கிறது, டீசல் எஞ்சின் அடித்துக்கொள்கிறது. நீ எந்தக் குரலில் பேசியிருப்பாயோ அந்தக் குரலில் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்த செய்தி என்றால் சொல்வதில் சத்தியம் உடையாது. தெரியாவிட்டால் அவருக்குக் கேட்காது. அப்படிக் கணக்குப் போட்டேன். "அப்பா, மொய்ரா பொண்ணுக்கு ரெண்டு பல்லு வந்திருக்கு."

சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். பிறகு தலையை ஆட்டினார். "ஆமா. இந்த வருஷம் புல்லு நல்லாத்தான் வந்திருக்கு. மழ நின்னா வெட்டிடலாம்."

சிரிப்பதா என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். புல் உண்மையிலேயே நன்றாகத்தான் வந்திருந்தது.

வீடு வந்ததும் அவருடைய வலப்பக்கம் போய் நின்று நேராகச் சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "அப்பா, உங்க இடது காது போயிடுச்சு."

"என் காது போகல. உன் மீட்டர் ரெண்டும் பால்பவுடர் தின்னு மந்தமாயிடுச்சு."

டியூபைக் குறுக்காக மாட்டியதைச் சொன்னேன். திருட்டுப்பயலே என்றார். ஹோனே மாமா மீன் கொடுக்க வந்தவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். "டங்கன், நான் வெளிப்படையாவே சொல்லிடறேன். கிளப்புல உன் இடது பக்கம் உக்காந்துக்கிட்டு மூணு வருஷமா உன்னைத் திட்டிக்கிட்டிருக்கேன். நீ ஒரு தடவகூட மொறச்சதில்ல. சரி, இவனுக்குப் பெரிய மனசுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டிமேல் உட்கார்ந்து பெட்ரோல் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மீனை வைத்துவிட்டு மாமா போய்விட்டார்.

"தெரியும்டா" என்றார் அப்பா. "முழுசாத் தெரியாது. இவ்ளோன்னு தெரியாது. மில்லுல காது டெஸ்ட் எடுக்க நர்ஸ் வர்றப்பல்லாம் எனக்கு வேற வேல வந்துடும். தெரிஞ்சா ரம்பத்துலேர்ந்து எறக்கி கூட்டற வேல குடுத்துடுவானுங்க."

"அப்ப யாராவது ஏதாவது சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"வானத்தப் பத்திப் பேசுவேன். காது கேக்காதவனுக்கு அது நல்ல பதில். பாதி நேரம் பொருத்தமா இருக்கும். மிச்ச நேரம் இவனுக்குப் பேச இஷ்டமில்ல போலன்னு விட்டுடுவாங்க."

அக்கா, இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்து சொன்னதை நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன். "அன்னிக்கு மொய்ராவும் பிக்கப்புல ஏதோ சொன்னா. ஓரக்கண்ணுல பாத்தேன், வாய் அசைஞ்சுது. ரொம்ப நேரம் பேசினா. என்னம்மான்னு கேட்டிருக்கலாம். வந்து எறங்கின ஒடனே அப்பன் செவிடுன்னு தெரிய வேணாமேன்னு காத்து திரும்பிடுச்சுன்னேன். அப்புறம் அவ பேசவேயில்ல. கெளம்பிப் போயிட்டா. இத்தன நாளா நான் என்ன தப்பு செஞ்சேன்னு பாத்துக்கிட்டிருக்கேன். என்ன கேட்டா அவ? உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். நான் சொல்ல முடியாது, சத்தியம் செய்திருக்கிறேன் என்றேன்.

"கெட்ட சேதியா?"

"இல்ல."

"நான் சரின்னு சொல்லியிருப்பேனா?"

 இந்த மனிதரை இத்தனை மாதமாகக் கல்மனசு என்று நினைத்துக்கொண்டு ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறேன். பதிலை அவரேதான் சொல்ல வேண்டும், உன்னிடம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அவ இன்னொரு தடவ சொல்லுவாளான்னு கேளு."

கேட்டுவிட்டேன். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

வண்டி இப்போது சரியாக ஓடுகிறது. மீட்டர்படி சமமாக்கியதை அவர் தொடவில்லை. பாறைமுனை வரை ஓட்டிப்போய் வந்தார். ஹேண்டிலில் அதிர்வு போய்விட்டது, கேட்பதற்கு மட்டும் ஊமை மாதிரி இருக்கிறது என்றார். காது டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறேன். மார்ச்சில்தான் கிடைத்தது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி அதற்கும் பிறகுதான் வரும். ஆகவே பிப்ரவரியில் அவருக்கு ஒரு காதுதான். அதற்குத் தகுந்தபடி ஏற்பாடு செய்ய வேண்டும். செய்திருக்கிறேன்.

கல்யாணம் முடிந்ததும் டனீடினில் வாடகைக் கார் எடு. இன்வர்கார்கில் ரயில் நிலைய வாசலில் அப்பா நிற்பார், நான் வேலைக்குப் போகிற வழியில் இறக்கிவிடுகிறேன். நான் வரமாட்டேன். நான் இருந்தால் நடுவில் பேசிக் கெடுத்துவிடுவேன். குழந்தையைப் பார்த்ததும் பாதி விஷயம் அவருக்குப் புரிந்துவிடும். மிச்சப் பாதியை, வீட்டோடு வந்துவிடட்டுமா என்பதை, நீதான் கேட்க வேண்டும். ரிவர்ட்டன் வரை அரை மணி நேரம் இருக்கிறது.

நான் ஓட்டுகிறேன் என்று அவர் அடம்பிடிப்பார். சாவியைக் கொடுக்காதே. காரை நீ ஓட்டு. அப்போது அவர் உனக்கு இடப்பக்கம் வருவார், நல்ல காது உன் பக்கம் இருக்கும். ஜன்னல்களை ஏற்றிவிடு. கத்த வேண்டியதில்லை, சாதாரணமாகச் சொன்னால் போதும்.

ஆக்னஸின் இருக்கையை உனக்குப் பின்னால் வலப்பக்கமாகக் கட்டு. அவள் அழுதாலும் சிரித்தாலும் அவருக்குக் கேட்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
தம்பி,
ரோரி.